ரா ஃபைல திறந்த அடுத்த செகண்டே கலர் செத்துப் போகுது, லைட்ரூமுக்கு புதுசு, வழி சொல்லுங்க

வலைக்காரன்

வணக்கம் மக்களே. கையில நிக்கான் டி5600, கூட வந்த 18-55 லென்ஸ் தான். இவ்வளவு நாளா ஜேபெக்ல எடுத்து அப்படியே போட்டுட்டு இருந்தேன், பார்க்கிறவங்க எல்லாம் ராவுல எடு ராவுல எடுன்னு (கேமரா சமைக்காம சென்சார் டேட்டாவ அப்படியே குடுக்கிற ஃபைல்) உயிர எடுத்ததால மாறியாச்சு. எடிட் பண்ண அடோபியோட லைட்ரூம் கிளாசிக் போட்டிருக்கேன்.

பிரச்சனை என்னன்னா, காசிமேட்டுல காலையில எடுத்த படம், கிளிக் பண்ணதும் முதல்ல செமயா தெரியுது, படகோட பச்சை, நைலான் வலையோட நீலம் எல்லாம் பளிச்சுன்னு. ஒரு செகண்ட் லோடிங்னு வந்து போகுது, அவ்ளோ தான், மொத்த படமும் வெளுத்துப் போன லுங்கி கலருக்கு வந்துடுது. அதோட கொஞ்சம் இருட்டாவும் ஆகுது. திரும்ப அந்த முதல் கலர கொண்டு வரலாம்னு ஸ்லைடர் எல்லாம் இழுத்துப் பார்த்தேன், வானம் ஊதாவாயிடுச்சு, மனுஷங்க ஆரஞ்சாயிட்டாங்க. யூடியூப்ல ஒருத்தர் விட்டு ஒருத்தர் வேற வேற ஸ்லைடர பிடிச்சு இழுக்கிறாங்க, யாரும் ஏன்னு சொல்ல மாட்றாங்க.

இது லைட்ரூம் பிரச்சனையா, என் கேமரா பிரச்சனையா? இலவசமா கிடைக்கிற டார்க்டேபிள் சாஃப்ட்வேருக்கு போயிடலாமா? லேப்டாப் 8 ஜிபி ரேம்.

மஞ்சவெயில்

தம்பி ரெண்டுமே பிரச்சனை இல்ல, பயப்படாதீங்க. புதுசா வர்றவங்க எல்லாரும் கேக்கிற கேள்வி தான் இது.

ரா ஃபைலுக்குள்ளயே கேமரா ஒரு ஜேபெக் படத்தையும் வச்சு அனுப்புது. கேமரா பின்னாடி ஸ்கிரீன்ல நீங்க பார்க்கிறதும் அந்த ஜேபெக் தான். லைட்ரூம் ஃபைல திறந்ததும் சட்டுன்னு காட்ட அதைத் தான் எடுத்து காட்டுது. நீங்க செமயா இருக்குன்னு சொல்றது கேமராக்காரன் சமைச்ச ஜேபெக்க. அதுக்கப்புறம் லைட்ரூம் உண்மையான ரா டேட்டாவ எடுத்து தன் கணக்குப்படி படமா மாத்துது, அப்ப அடோபி கலர்னு தன்னோட சொந்த ப்ரொஃபைல, அதாவது கலர் ரெசிபிய போடுது. உங்க கேமராவுல பிக்சர் கன்ட்ரோல்ங்கிற கலர் செட்டிங்க விவிட்னு வச்சிருப்பீங்க, அது லைட்ரூமுக்கு தானா வராது. எதுவும் அழியல, போகல.

சரி பண்ண: லைட்ரூம்ல எடிட் பண்ற பக்கமான டெவலப் போங்க, பேசிக் பேனல் மேல ப்ரொஃபைல்னு இருக்கும், பக்கத்துல நாலு கட்டம் போட்ட சின்ன ஐகான், அதை அமுக்கினா கேமரா மேட்சிங்னு ஒரு பிரிவு வரும். அதுல ஸ்டாண்டர்ட், விவிட், போர்ட்ரெய்ட், லேண்ட்ஸ்கேப்னு நிக்கான்ல இருக்கிற பேருலயே இருக்கும். ஒன்னொன்னா மேல மவுச வச்சுப் பாருங்க, கிளிக் கூட பண்ண வேணாம், படம் மாறி மாறி காட்டும். ஒவ்வொரு தடவையும் இதைப் பண்ண வேணாம்னா ப்ரிஃபரன்ஸ் உள்ள ப்ரீசெட்ஸ் டேப்ல ரா டிஃபால்ட்ஸ்னு இருக்கும், அதை கேமரா செட்டிங்ஸ்னு மாத்தி வச்சுடுங்க.

ஸ்லைடர இழுத்து அந்த கலர பிடிக்க முடியாதான்னா முடியும், ஆனா நாள் முழுக்க உக்காரணும். ப்ரொஃபைல்ங்கிறது ஒவ்வொரு கலரையும் தனித்தனியா தள்ளி வைக்குது, சாச்சுரேஷன் ஸ்லைடர் எல்லாத்தையும் ஒன்னா தூக்குது. அதான் ஆளுங்க ஆரஞ்சானது.

பிக்சல்_பித்தன்

அக்கா சொன்னது கலருக்கு. அந்த "கொஞ்சம் இருட்டாவும் ஆகுது"ங்கிறதுக்கு வேற காரணம் இருக்கலாம். ப்ரோ உங்க கேமராவுல ஆக்டிவ் டி-லைட்டிங் ஆன்ல இருக்கா பாருங்க. அது என்ன பண்ணும்னா வெளிச்சமான இடம் எரிஞ்சு போகாம (விவரமே இல்லாம வெறும் வெள்ளையாகாம) இருக்க எக்ஸ்போஷர கொஞ்சம் குறைச்சு எடுத்துட்டு, ஜேபெக் பண்ணும்போது நிழல தூக்கி விட்டு சரிக்கட்டிடும். லைட்ரூமுக்கு அந்த ரெண்டாவது பாதி வேலை தெரியாது, குறைச்சு எடுத்த பாதி மட்டும் தான் அதுக்கு கிடைக்கும். அதனால இருட்டு. ராவுல எடுக்கிறதா இருந்தா அதை ஆஃப் பண்ணி வச்சிடுறது நல்லது.

கேமரா கலரும் வேணும், டி-லைட்டிங்கும் வேணும்னா நிக்கானோட என்எக்ஸ் ஸ்டுடியோ இருக்கு, 2021ல வந்தது, இலவசம், கேமராவுல வச்ச எல்லா செட்டிங்கையும் அப்படியே புரிஞ்சுக்கும். கேனான்காரங்களுக்கு அவங்க கம்பெனியோட டிபிபி (டிஜிட்டல் போட்டோ புரொஃபஷனல்) அதே மாதிரி.

வலைக்காரன்

ஐயோ ஆமா, டி-லைட்டிங் ஆட்டோல இருந்துச்சு, நான் அந்த மெனு பக்கமே போனதில்ல. ப்ரொஃபைல் மாத்தினதும் படகு பச்சை திரும்பி வந்துடுச்சு அக்கா ரொம்ப நன்றி.

ஆனா ஒரு சந்தேகம், கோச்சுக்காதீங்க. கேமரா ஜேபெக் மாதிரி வர வைக்கத் தான் இவ்ளோ பாடுன்னா ஜேபெக்லயே எடுத்துட்டுப் போகலாமே?

ஸ்டுடியோ_தாத்தா

அப்படி கேளுப்பா! இதைத் தான் நானும் எல்லா பயலுக கிட்டயும் கேட்டுட்டு இருக்கேன். நாங்க ஃபிலிம்ல கல்யாணம் எடுத்த காலத்துல ஒரு ரோல்ல 36 தான், எக்ஸ்போஷர் தப்பினா மாப்பிள்ளை வீட்டுக்காரன் சட்டைய பிடிப்பான். எடுக்கும்போதே சரியா எடுத்தா எதுக்கு இந்த சாஃப்ட்வேர் சந்தடி. இப்ப எல்லாம் எப்படியும் எடுத்துட்டு அப்புறம் பார்த்துக்கலாம்னு ஆயிடுச்சு.

மஞ்சவெயில்

தாத்தா உங்க மேல மரியாதை உண்டு, ஆனா ஃபிலிம் காலத்துலயும் லேப்ல ஒருத்தர் உக்காந்து கலர் கரெக்ஷன் பண்ணித் தானே பிரிண்ட் போட்டார், அந்த வேலை இப்ப நம்ம மடியில வந்து விழுந்திருக்கு, அவ்ளோ தான்.

வலைக்காரனுக்கு: உங்க பாயிண்ட் பாதி சரி. சித்தி பொண்ணு பர்த்டேக்கு ஜேபெக் தாராளமா போதும். ரா எங்க உதவும்னா, ஜேபெக்ல ஒரு கலர் சேனலுக்கு 256 படி தான், உங்க டி5600 14 பிட் ராவுல 16384 படி. வெளிச்சம் சரியா இருந்தா வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. நிழல தூக்கும்போது தான் தெரியும், ஜேபெக்ல கோடு கோடா கட்டம் கட்டமா உடையும், ராவுல கொஞ்சம் நாய்ஸ் (மணல் தூவின மாதிரி புள்ளி) வரும் அவ்ளோ தான். அடுத்தது ஒயிட் பேலன்ஸ், அதாவது எந்த கலர் வெளிச்சத்துலயும் வெள்ளைய வெள்ளையா காட்டுற செட்டிங். காசிமேட்டுல விடியிறதுக்கு முன்னாடி எடுத்தீங்கன்னா மேல மஞ்சள் லைட்டு, ஐஸ் பெட்டி பக்கம் டியூப் லைட்டு, பின்னாடி நீல வானம். ஜேபெக்ல கேமரா ஒரு முடிவெடுத்து அதை சுட்டு வச்சிடும். ராவுல ஒயிட் பேலன்ஸ்ங்கிறது வெறும் ஒரு குறிப்பு, 3200 கெல்வின்ல இருந்து 5500க்கு மாத்தினா படத்துக்கு ஒரு கேடும் இல்ல.

ரா ப்ளஸ் ஜேபெக் ரெண்டும் சேர்த்து எடுக்காதீங்க, ஆரம்பத்துல எல்லாரும் பண்றது, கார்டும் ஹார்டு டிஸ்க்கும் நிரம்பினது தான் மிச்சம், எதை வச்சுக்கிறது எதை அழிக்கிறதுன்னே தெரியாது.

யாழ்_நிழல்

இடையில வாறதுக்கு மன்னிக்கோணும். நானும் லைட்ரூம் பழகிக்கொண்டு தான் இருக்கிறன். என்ர படங்கள் கனக்க இருந்த ஃபோல்டரில இப்ப கேள்விக்குறி கிடக்கு, ஒவ்வொரு படத்துக்கும் மேல ஆச்சரியக்குறி மாதிரி ஒண்டு காட்டுது. டெவலப்பில ஒண்டும் செய்யேலாமல் கிடக்கு. ஹார்டு டிஸ்க்கில போய்ப் பார்த்தா படம் எல்லாம் பத்திரமா இருக்கு. டி டிரைவில இருந்து எக்ஸ்டர்னலுக்கு மாத்தினது மட்டும் தான். என்ன செய்யோணும் எண்டு ஆராவது சொல்லுங்கோ.

மஞ்சவெயில்

இது நல்ல கேள்வி, வலைக்காரனும் படிங்க, ஏன்னா லைட்ரூம்ல ஸ்லைடர விட இதைத் தான் முதல்ல புரிஞ்சுக்கணும்.

லைட்ரூமுக்குள்ள உங்க படம் இல்லவே இல்ல. கேட்லாக்னு ஒரு ஃபைல், எல்ஆர்கேட்னு முடியும், அது கல்யாண வீட்டு மொய் நோட்டு மாதிரி. யார் எவ்ளோ வச்சாங்கன்னு நோட்டுல இருக்கும், பணம் நோட்டுக்குள்ள இருக்காது. படம் எந்த டிரைவ்ல எந்த ஃபோல்டர்ல இருக்கு, அதுக்கு எத்தனை ஸ்டார் குடுத்தீங்க, எக்ஸ்போஷர் எவ்ளோ தூக்கினீங்க, இது மட்டும் தான் அதுல. நீங்க விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்ல போய் ஃபோல்டர நகர்த்தினா நோட்டுக்கு அது தெரியாது, பழைய இடத்துலயே தேடிட்டு நிக்கும்.

சரி பண்றது சுலபம். லைப்ரரியில இடது பக்கம் கேள்விக்குறி போட்ட ஃபோல்டர் மேல ரைட் கிளிக், ஃபைண்ட் மிஸ்ஸிங் ஃபோல்டர், புது இடத்தைக் காட்டுங்க. உங்க எடிட் எல்லாம் அப்படியே இருக்கும். முக்கியமா, ரிமூவ் குடுத்துட்டு மறுபடி இம்போர்ட் மட்டும் பண்ணிடாதீங்க, அப்படிப் பண்ணா கேட்லாக்ல இருந்த எடிட் எல்லாம் போயிடும். இனிமே நகர்த்தணும்னா லைட்ரூமுக்குள்ளயே ஃபோல்டர இழுத்து விடுங்க.

இன்னொன்னு, மூடும்போது பேக்கப் எடுக்கவான்னு கேக்கும்ல, அது அந்த நோட்டுக்கு மட்டும் தான் பேக்கப். படத்துக்கு இல்ல. இது தெரியாம நிறைய பேர் பேக்கப் ஓடுது ஓடுதுன்னு நிம்மதியா தூங்கிட்டு இருக்காங்க. படத்தை நீங்க தான் தனியா இன்னொரு டிஸ்க்ல காப்பி போடணும்.

யாழ்_நிழல்

சரி வந்திட்டுது அக்கா, எல்லாம் திரும்பக் கிடைச்சிட்டுது. நல்ல காலம், ரிமூவ் குடுக்கத் தான் வெளிக்கிட்டனான். நன்றி.

கட்டற்றவன்

இந்த கேட்லாக் தலைவலியே வேணாம்னு தான் டார்க்டேபிளுக்கு வாங்கன்னு சொல்றேன். அதுலயும் லைப்ரரி டேட்டாபேஸ் உண்டு, ஆனா ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்துலயே ஒரு எக்ஸ்எம்பி ஃபைல் தானா எழுதி வைக்கும், அதுல எடிட் முழுசும் இருக்கும். டேட்டாபேஸ் போனாலும் படத்தையும் எக்ஸ்எம்பியையும் சேர்த்து திரும்ப இம்போர்ட் பண்ணா எல்லாம் வந்துடும். முக்கியமா மாசா மாசம் யாருக்கும் காசு அழ வேணாம். லைட்ரூம்ல ஒரு தடவை காசு குடுத்து சொந்தமா வாங்கிற கதை 2015ல வந்த லைட்ரூம் 6ஓட முடிஞ்சு போச்சு.

பிக்சல்_பித்தன்

வந்துட்டாருய்யா. எக்ஸ்எம்பி எழுதுறது லைட்ரூம்லயும் இருக்கு தல, கேட்லாக் செட்டிங்ஸ்ல ஒரு டிக் போடணும், தானா வராது அவ்ளோ தான். சந்தா நிறுத்தினாலும் படம் போயிடாது, லைப்ரரி திறக்கும், எக்ஸ்போர்ட் பண்ணலாம், டெவலப்பும் மேப்பும் தான் பூட்டிக்கும்.

கட்டற்றவன்

அந்த டெவலப்புக்காகத் தானே சாமி காசு குடுக்கிறோம் 😄

மஞ்சவெயில்

சண்டை வேணாம். வலைக்காரனுக்கு நேரா சொல்றேன், ரெண்டுல எதுவா இருந்தாலும் ஒன்ன எடுத்து அதுலயே உக்காருங்க. கட்டற்றவன், நீங்க டார்க்டேபிள புதுசா வர்றவங்களுக்கு எப்படி ஆரம்பிக்கணும்னு சொல்லிட்டு அப்புறம் இழுங்க, சும்மா வா வான்னா எப்படி. உள்ள போனா மாட்யூல் மாட்யூலா, தனித்தனி டூலா இருக்கு, புதுசா வர்றவங்க மிரண்டு ஓடிடுறாங்க.

கட்டற்றவன்

நியாயம். சுருக்கமா சொல்றேன். டார்க்டேபிள்ல எல்லா மாட்யூலையும் திறந்து பார்க்கிற ஆசைய விடுங்க. எக்ஸ்போஷர், கலர் கேலிப்ரேஷன், அப்புறம் வெளிச்சத்தை ஸ்கிரீனுக்கு ஏத்த மாதிரி அடக்குற சிக்மாய்டு இல்லன்னா ஃபில்மிக், இதுல ஒன்னு மட்டும், ரெண்டையும் சேர்த்து போடக் கூடாது. ஆரம்பத்துல இது போதும். முதல்ல எக்ஸ்போஷர், ஹைலைட் எரியுதேன்னு பயப்படாம முகம் அல்லது படத்தோட முக்கியமான விஷயம் சரியா தெரியிற வரைக்கும் தூக்குங்க, எரியிறத சிக்மாய்டு அடக்கிக்கும்.

புதுசா வர்றவங்க மாட்டிக்கிற இடம் ஒயிட் பேலன்ஸ். அது ரெண்டு இடத்துல இருக்கு, ஒயிட் பேலன்ஸ்னு ஒரு மாட்யூல், கலர் கேலிப்ரேஷன்னு ஒரு மாட்யூல். நிறத்தை மாத்தணும்னா கலர் கேலிப்ரேஷன்ல தான் மாத்தணும், மத்ததை தொடாம விடணும். ரெண்டையும் திருகினா மேல சிவப்புல வார்னிங் வரும், படம் விகாரமா போகும். அதைப் பார்த்துட்டு சாஃப்ட்வேர் மோசம்னு சொல்லிட்டுப் போறவங்க தான் ஜாஸ்தி.

அப்புறம் வலைக்காரன் கேட்ட கேமரா கலர் விஷயம், 5.0 வெர்ஷன்ல இருந்து 500 கேமராவுக்கு மேல ரெடிமேட் ஸ்டைல் குடுத்திருக்காங்க, கேமரா ஜேபெக்குக்கு கிட்டத்தட்ட வரும். விண்டோஸ்லயும் ஓடும், லினக்ஸ்காரனுக்கு மட்டும்னு நினைக்காதீங்க.

வலைக்காரன்

ரொம்ப நன்றி ப்ரோ. ஆனா காசு கட்டிட்டேன், இப்போதைக்கு லைட்ரூம்லயே இருக்கேன், அடுத்த வருஷம் பார்க்கலாம்.

இப்ப ஒரு ஞாயிறு போயிட்டு வந்தா படம் குவிஞ்சு கிடக்கு. ஒவ்வொன்னா டெவலப்ல போய் எடிட் பண்ணிட்டே வர்றேன், பாதியில சலிச்சுப் போய் மூடிடுறேன். நீங்க எல்லாம் எப்படி முடிக்கிறீங்க?

மஞ்சவெயில்

எடிட் பண்ணி முடிக்கிறதில்ல தம்பி, கழிச்சு முடிக்கிறோம்.

டெவலப் பக்கமே போகாதீங்க முதல்ல. லைப்ரரியில ஒரு படத்தை முழுசா திறங்க, கேப்ஸ் லாக் ஆன் பண்ணுங்க. ஆன்ல இருந்தா ஒரு படத்துக்கு குறி போட்டதும் தானா அடுத்த படத்துக்கு தாவிடும். எக்ஸ் அமுக்கினா ரிஜெக்ட், பி அமுக்கினா எடுத்துக்கலாம், யூ அமுக்கினா ஒன்னும் முடிவு பண்ணல. முதல் சுத்துல எக்ஸ் மட்டும் தான் யோசிக்கணும், ஃபோகஸ் இல்லாதது, கண்ணு மூடினது, யாரோ குறுக்க வந்தது. கை வேகமா ஓடும்.

ரெண்டாவது சுத்துல தான் கஷ்டம், ஒரே மீன்கார அம்மா, ஒரே கூடை, வரிசையா ஒரே மாதிரி ஷாட். அதுங்கள மொத்தமா செலக்ட் பண்ணி என் அமுக்குங்க, எல்லாம் ஒன்னா ஸ்கிரீன்ல வரும், பிடிக்காததை ஒன்னொன்னா தூக்கி எறிஞ்சுட்டே வாங்க, கடைசியா நிக்கிறது எதுன்னு பாருங்க. நான் பார்த்த வரைக்கும் கண்ணு கூடைய விட்டுட்டு கைய தான் முதல்ல பார்க்கும், கை நல்லா வந்த படம் தான் நிக்கும். இது எந்த ஸ்லைடரும் சொல்லித் தராது.

எடிட் பண்றது அந்த பி போட்டதுக்கு மட்டும். ரிஜெக்ட் எல்லாம் கன்ட்ரோல் பேக்ஸ்பேஸ் அமுக்கினா மொத்தமா அழிக்கவான்னு கேக்கும், அன்னைக்கே அழிக்காதீங்க, ஒரு வாரம் விட்டு இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்துட்டு அழிங்க. ஃபோல்டர் பேர் முதல்ல வருஷம், உள்ள தேதி, பக்கத்துல இடம், அதுக்கு மேல ஆராய்ச்சி வேணாம்.

ஸ்டுடியோ_தாத்தா

இந்த விஷயத்துல நான் மஞ்சவெயில் பக்கம். காண்டாக்ட் ஷீட்ல, அதாவது ஒரு ரோல் படம் மொத்தத்தையும் சின்ன சின்னதா போட்ட பிரிண்ட்ல, கண்ணாடி வச்சுப் பார்த்து சிவப்பு பென்சில்ல சுழிப்போமே, அதே வேலை தான்.

வேல்கம்பு

நான் மயிலாப்பூர் அறுபத்துமூவருக்கு எடுத்தேன், சிவப்பு பட்டுப்புடவை எல்லாம் ஒரே சிவப்பு பெயிண்ட் அடிச்ச மாதிரி வருது, ஜரிகை, மடிப்பு எதுவும் தெரியல. ஹிஸ்டோகிராம் (வெளிச்சத்தைக் காட்டுற கிராஃப்) ஓரத்துல முட்டல, ஓவர் எக்ஸ்போஸும் இல்ல. ஏன்?

பிக்சல்_பித்தன்

ஹிஸ்டோகிராம்ல மொத்த வெள்ளைய மட்டும் பார்த்திருப்பீங்க. கலர் கலரா இருக்கே அதுல சிவப்ப மட்டும் தனியா பாருங்க, வலது சுவத்துல மோதி நிக்கும். பச்சையும் நீலமும் கம்மியா இருக்கிறதால மொத்தத்துல பார்த்தா சரியா இருக்கிற மாதிரி தெரியும். நல்ல வெயில்ல சிவப்பு, குங்குமம், சாமந்தி, இதுக்கெல்லாம் இப்படி ஆகும். மேடையில ஊதா எல்ஈடி லைட் போட்டாலும் இதே கதை, அங்க நீலம் முட்டும்.

முதல்ல ப்ரொஃபைல விவிட்ல இருந்து நியூட்ரல் அல்லது ஸ்டாண்டர்டுக்கு இறக்குங்க, பாதி மடிப்பு அங்கயே வந்துடும். அடுத்து எக்ஸ்போஷர் கொஞ்சம் இறக்கி, கலர் மிக்சர்ல சிவப்போட சாச்சுரேஷன குறைங்க. அதுக்கும் வரலன்னா எடுக்கும்போதே எரிஞ்சு போச்சுன்னு அர்த்தம். அடுத்த திருவிழாவுக்கு கேமராவுலயே ஆர்ஜிபி ஹிஸ்டோகிராம போட்டு சிவப்ப பார்த்து எடுங்க.

வேல்கம்பு

ப்ரொஃபைல் மாத்தினதுமே ஜரிகை தெரியுது தலைவா 🙏

வலைக்காரன்

பி போட்ட படங்களுக்கு ஸ்லைடர் எந்த வரிசையில போறீங்க? அதை மட்டும் சொல்லிடுங்க, நச்சரிக்கிறேன்னு தெரியும்.

மஞ்சவெயில்

என் வரிசை: ப்ரொஃபைல், ஒயிட் பேலன்ஸ், எக்ஸ்போஷர். இதுலயே முக்கால்வாசி படம் முடிஞ்சுடும். அடுத்து ஹைலைட்ஸ் ஷேடோஸ். ஒயிட்ஸ், பிளாக்ஸ் ரெண்டையும் ஆல்ட் கீய பிடிச்சுக்கிட்டே இழுங்க. ஒயிட்ஸுக்கு ஸ்கிரீன் கருப்பாயிடும், எங்க எரியுதோ அங்க மட்டும் புள்ளி புள்ளியா தெரியும், முதல் புள்ளி வந்ததும் ஒரு அடி பின்னாடி வாங்க. பிளாக்ஸுக்கு நேர் எதிர்.

க்ளாரிட்டி (விளிம்ப அழுத்திக் காட்டுறது), டீஹேஸ் (மூட்டத்தை விலக்குறது) ரெண்டையும் ஆரம்பத்துல கண்ணாலயே பார்க்காதீங்க. இணையத்துல பாதி கிழவர் போர்ட்ரெய்ட் க்ளாரிட்டி ஏத்தி ஏத்தி கருங்கல் சிலை மாதிரி கிடக்கு, ஒரு மனுஷன் முகத்தை அப்படிப் பண்ண எப்படி மனசு வருதோ. ஒரே வெளிச்சத்துல எடுத்த படங்கள்னா ஒன்ன சரி பண்ணிட்டு மத்ததுக்கு சிங்க் குடுங்க, ஒவ்வொன்னா மெனக்கெட வேணாம். காசு குடுத்து ப்ரீசெட் (ரெடிமேட் எடிட் செட்டிங்) வாங்காதீங்க, அது வேற யாரோ வேற வெளிச்சத்துல எடுத்த படத்துக்கு பண்ணது.

வலைக்காரன்

வாங்க இருந்தேன், தப்பிச்சேன். இன்னொன்னு, பிரிண்ட் போட்டா இருட்டா வருது, ஸ்கிரீன்ல நல்லா தான் இருக்கு.

ஸ்டுடியோ_தாத்தா

இதுக்கு நான் பதில் சொல்றேன். லேப்காரன திட்டாதே, உன் லேப்டாப் பிரைட்னஸ் முழுசா வச்சிருப்பே. ஸ்கிரீன் தானா வெளிச்சம் விடுது, பேப்பர் ரூம் வெளிச்சத்தை வாங்கித் தான் காட்டணும். ஒரு வெள்ளை பேப்பர ஸ்கிரீன் பக்கத்துல பிடி, வீட்டு லைட் போட்டு, லைட்ரூம் பேக்ரவுண்ட வெள்ளையாக்கு, ரெண்டு வெள்ளையும் ஏறக்குறைய ஒன்னா தெரியிற வரைக்கும் பிரைட்னஸ இறக்கு. அந்த பிரைட்னஸ்ல எடிட் பண்ணு, படம் இருட்டா இருக்கிறது உனக்கே தெரியும். லேப்டாப்ல ஆட்டோ பிரைட்னஸ், ராத்திரியானா மஞ்சளாகுதே அந்த நைட் லைட், ரெண்டையும் அணைச்சுடு. பெருசா போடறதுக்கு முன்னாடி 4க்கு 6ல ஒன்னு போட்டுப் பாரு.

எக்ஸ்போர்ட் பண்ணும்போது கலர் ஸ்பேஸ் (எந்த அளவு வரைக்கும் நிறம் அடங்கும்ங்கிற கணக்கு) எஸ்ஆர்ஜிபி. லேப்காரன் வேற ஏதாவது கேட்டா மட்டும் மாத்து. அடோபி ஆர்ஜிபியில அனுப்பினா, நம்ம ஊர் சின்ன லேப்ல சில பேர் அதை கவனிக்காம அடிச்சுடுவாங்க, முகம் எல்லாம் வெளிறிப் போய் வரும்.

பிக்சல்_பித்தன்

தாத்தா சாஃப்ட்வேர் சந்தடி வேணாம்னு சொல்லிட்டு முழு கலர் மேனேஜ்மென்ட் க்ளாஸ் எடுத்துட்டாரு 😂

ஸ்டுடியோ_தாத்தா

பிரிண்ட் என் தொழில்டா.

வலைக்காரன்

பிரைட்னஸ பாதிக்கும் கீழ இறக்கினதும் தான் தெரியுது, எல்லா படமும் இருட்டு. மறுபடி உக்காரணும். கடைசி கேள்வி, வாட்ஸ்அப்ல ஃபேமிலி க்ரூப்ல போட்டா எல்லாம் கஞ்சி மாதிரி ஆகுது, எக்ஸ்போர்ட் குவாலிட்டி 100 வச்சும்.

கட்டற்றவன்

100 வச்சாலும் அது மறுபடி சுருக்கத் தான் போகுது ப்ரோ. எக்ஸ்போர்ட்ல நீள பக்கம் 2048 பிக்சல், குவாலிட்டி 80, எஸ்ஆர்ஜிபி, ஷார்பனிங் ஸ்கிரீனுக்குன்னு வச்சு அதையே ஒரு எக்ஸ்போர்ட் ப்ரீசெட்டா சேவ் பண்ணிக்கோங்க. அனுப்பும்போது போட்டோவா அனுப்பாம டாக்குமெண்ட்டா அனுப்புங்க, சுருக்காது. பெரியப்பாவுக்கு டாக்குமெண்ட் திறக்கத் தெரியாதுன்னா எச்டி பட்டன் இருக்கு, அதை அமுக்கி அனுப்புங்க.